கரிக்காற்று

ஓட்டல் படுக்கை விரிப்பின் கஞ்சி வாசனையில் எங்கள் சலவைக் கடையின் மாடி நினைவுக்கு வந்தது. துறைமுகத்தை ஒட்டிய கல்மண்டபம் பகுதியில் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து நடத்திய கடை அது. கீழே கஞ்சி கொதிக்க, மேலே கொடிகளில் மாதா கோயில் துணிகள் சடசடத்துக்கொண்டிருக்கும், துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் நாட்களில் மட்டும் எல்லோரும் வேலைக்கு நடுவே காற்றைக் கவனித்தபடி இருப்போம், அது எங்கள் பக்கம் திரும்பினால் கரித்தூள் வந்து படிவதற்குள் துணிகளை வாரிக்கொண்டு இறங்க வேண்டும்.

மாடிக்குத் தகரக் கூரை போடலாம் என்பார் சித்தப்பா. உப்புக்காற்றில் இற்றுப்போகும் என்பார் அப்பா. கோயிலில் முதன்முதலாக நற்கருணை பெற்றுப் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளின் வெள்ளை உடுப்புகள் காய்ந்த அன்றும் அதே சண்டைதான். கோயில் வேலையை நம்பித்தான் இரண்டு குடும்பமும் இருந்தது.

“காத்து திரும்பிக்கிச்சு, துணிய எடுங்க!” என்று அம்மா கத்தினாள்.

“கூர வோணான்னவரே போய் எடுக்கட்டும், அண்ணி,” என்றார் சித்தப்பா.

“தொர மாடி ஏற மாட்டாராமா? அப்போ நானும் ஏறல,” என்றார் அப்பா.

அம்மா தனியாக ஓடினாள். அவள் எடுத்து முடிப்பதற்குள் பாதி உடுப்புகள் சாம்பல் நிறமாகிவிட்டன. திரும்ப வெளுத்தும் கறை போகவில்லை. கோயில் வேலை கைவிட்டுப் போனது.

கடையைப் பாகம் பிரித்தார்கள். கூரைக்கு ஒத்துப்போகாதவர்கள் மாடி நடுவே இடுப்புயரச் சுவர் கட்டுவதற்கு ஒத்துப்போனார்கள். அடுத்த நிலக்கரிக் கப்பல் வந்த மதியம் சித்தப்பா சாப்பிடப் போயிருந்தார். எங்கள் துணிகளை எடுத்த அம்மா, சுவர் தாண்டி அவருடைய கொடிக்கும் கை நீட்டினாள்.

“அத்த வுடு,” என்றார் அப்பா.