காதர் மாமுவோட பீரங்கிச் சாவி

மண்ணெண்ணெய் வாசம் வந்தா எல்லாரும் மூக்கப் பொத்துவாங்க. எனக்கு என் கல்யாணம் ஞாபகம் வரும்...

சிரிக்காதீங்க. காரணம் இருக்கு.

போன வாரம் என் மகன் பழைய டிரங்குப் பெட்டியக் குடைஞ்சு ஒரு இரும்ப வெளிய எடுத்தான். "இது என்னம்மா?"ன்னு கேட்டான். கையில வாங்கினதும் எனக்கு ஒரே சிரிப்பு.

எங்க அம்மாவோட தம்பி காதர் மாமு, ரெண்டாவது உலகச் சண்டை முடிஞ்சு மிலிட்டரில இருந்து திண்டுக்கல்லுக்குத் திரும்பினப்ப கொண்டு வந்தது. முழங்கை நீளம், பச்சை பெயிண்ட். ஒரு முனையில கட்டை கட்டையா பல்லு, இன்னொரு முனையில சின்னதா ஒரு சதுரக் கட்டை. பார்த்தா ஸ்பேனர் மாதிரி இருக்கும், ஆனா எந்த நட்டுலயும் உக்காராது.

"பீரங்கி வண்டியோட சாவி"ன்னு மாமு சொல்லிட்டாரு. பர்மாவுல பீரங்கி வண்டி ஓட்டினாராம். அந்தக் கதைய நம்பித்தான் ரெட்டியார்சத்திரத்துல இருந்து ஹவ்வா மாமிய அவருக்குக் கட்டிக் கொடுத்தாங்க. மாமிக்கு அதுல அம்புட்டுப் பெருமை. சாவிய வெள்ளைத் துணில சுத்தி செவுத்துல மாட்டி வச்சிருப்பாங்க. வீட்டுக்கு யார் வந்தாலும் மொதல்ல சாவி தரிசனம், அப்புறம்தான் டீ.

நம்பாத ஒரே ஆளு பக்கத்து வீட்டு சுப்பையா அண்ணன். பூட்டுப் பட்டறை வச்சிருந்தவரு. மாமுவப் பார்க்கும்போதெல்லாம், "சாவி இருக்கு, சரி. பூட்டு எங்க மாமு?"ன்னு கேப்பாரு. மாமு மீசையத் தடவிக்கிட்டே நழுவிருவாரு.

அறுபதுகளோட ஆரம்பத்துல எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வத்தலக்குண்டு. பொண்ணு வீட்டுலதான் நிக்காஹ், அதுவும் ராத்திரி. எங்க தெருவுக்கு அப்ப கரண்டு வரல. பெட்ரோமாக்ஸ் லைட்ட வாடகைக்கு எடுத்து வரிசையா வச்சாச்சு. பந்தல் ஜோரா இருக்கு, தேக்சாவுல பிரியாணிக்கு தம் போட்டாச்சு, சீரக சம்பா வாசம் தெருமுனை வரைக்கும் போகுது.

லைட்டுல மண்ணெண்ணெய்தான் இல்ல.

கடைக்காரர் காலி டின்னு இல்லன்னு முழு இரும்புப் பீப்பாயையே மாட்டுவண்டில ஏத்தி அனுப்பிட்டாரு. எடுத்தது போக மிச்சத்தத் திருப்பிக் குடுங்கன்னு சொல்லி, கடையப் பூட்டிட்டு ஊருக்குக் கிளம்பிட்டாரு. பீப்பாய் தலையில பெருசும் சின்னதுமா ரெண்டு மூடி, ரெண்டும் உள்ளடங்கி இருக்கு. குறடு பிடிக்க வாட்டமில்ல. ஆளாளுக்கு முக்கிப் பார்த்தாங்க, அசையல. ஒருத்தரு உளியும் சுத்தியலும் கொண்டு வந்துட்டாரு.

என்னப் பெத்த அத்தா ஓடி வந்து தடுத்தாரு. "ஏலே, பொறி தட்டுச்சுன்னா பந்தலே போயிரும்டா."

நான் பட்டுச்சேலையில, உள் ரூம்பு ஜன்னலோரம் உக்காந்திருந்தேன். மஃரிப் பாங்கு சொல்லியாச்சு. வெளிச்சம் மங்கிக்கிட்டே வருது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பஸ் ஸ்டாண்டுல எறங்கிட்டாங்கன்னு ஆள் வந்து சொல்லியாச்சு. இருட்டுக்குள்ளயா என் கல்யாணம் நடக்கணும்... எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

அப்பத்தான் காதர் மாமுவப் பார்த்தேன். பந்தக்கால் ஓரமா நிக்கிறாரு. பீப்பாயப் பார்க்கிறாரு, மாமியப் பார்க்கிறாரு, திரும்பப் பீப்பாயப் பார்க்கிறாரு. முகம் செத்துப் போச்சு.

செத்த நேரத்துல ஆளக் காணோம். திரும்பி வந்தப்ப கையில அந்தச் சாவி.

சதுரக் கட்டைய சின்ன மூடில வச்சு ஒரு திருகு... புஸ்ஸுன்னு காத்து வெளிய வந்துச்சு. சாவியத் திருப்பிப் பிடிச்சு, பல்லுப் பக்கத்தப் பெரிய மூடில வச்சாரு. சொல்லி வச்ச மாதிரி உக்காந்துச்சு. ரெண்டு இழுப்பு, மூடி கழண்டு கையில வந்துருச்சு. குனிஞ்சுகூடப் பார்க்கல மனுசன்.

மண்ணெண்ணெய் வாசம் குப்புன்னு எங்க ஜன்னல் வரைக்கும் வந்துச்சு.

அது என்ன சாவின்னு பந்தல்ல எல்லாருக்கும் விளங்கிருச்சு.

சுப்பையா அண்ணன்தான் மெதுவா சொன்னாரு. "மாமு, பூட்டு கெடச்சிருச்சு."

ஒருத்தரும் சிரிக்கல. எல்லாரும் மாமியத்தான் பார்த்தாங்க. மாமி முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு, "ஏங்க, அப்ப பீரங்கி?"ன்னு கேட்டாங்க.

மாமு தரையப் பார்த்துக்கிட்டே சொன்னாரு. "பெட்ரோல் ஊத்தாம பீரங்கி வண்டி ஓடுமா ஹவ்வா? நான் டிரம்மு திறந்து ஊத்துறவன்."

எனக்குக் கல்யாணக் கவலையே மறந்து போச்சு, மாமுவ நினைச்சு ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டேன்.

அப்புறம் மாமி சொன்னாங்க. "அதச் சொல்ல இம்புட்டு வருசமா? வாளியப் பிடிங்க, பிள்ளை இருட்டுல உக்காந்திருக்கா."

அதுக்கப்புறம் சிரிச்சாங்க பாருங்க... சமையல்காரரு கரண்டியப் போட்டுட்டு சிரிச்சாரு. மாமுவும் சிரிச்சாரு, கண்ணத் தொடச்சுக்கிட்டே. பெட்ரோமாக்ஸ் ஒண்ணொண்ணா உஸ்ஸுன்னு பத்திக்கிச்சு. முதல் லைட்டு எரிஞ்சப்ப தெருப் பிள்ளைங்க போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. அந்த வெளிச்சத்துலதான் ஜன்னல் வழியா என் வீட்டுக்காரர மொதல் தடவையா பார்த்தேன். காது கொஞ்சம் பெருசு. பரவாயில்லன்னு தோணுச்சு.

இப்ப எங்க வீட்டுக் கல்யாணம்னா ஸ்விட்ச்சத் தட்டுனா மண்டபமே ஜொலிக்குது. நல்லாத்தான் இருக்கு. ஆனா லைட்டு எரிஞ்சதுக்கு யாரும் சத்தம் போடுறதில்ல.

மகன் போன்ல போட்டோ எடுத்துத் தேடினான். கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள, "அம்மா, இது டிரம்மு மூடி திறக்குற ரென்ச்சாம்"னு சொல்லிட்டான்.

சரிதான்டான்னு சொன்னேன். ஆனா மாமி கடைசி வரைக்கும் அந்தச் சாவிய செவுத்துல இருந்து எறக்கல; அவங்க காலத்துக்கு அப்புறம்தான் என் பெட்டிக்கு வந்துச்சு. வந்தவங்களுக்கு டீக்கு முன்னாடி அதே மாதிரி காட்டுவாங்க. கதை மட்டும் மாறிப்போச்சு.

"இவுக டிரம்மத் திறக்கலேன்னு வைங்க... அம்புட்டு பீரங்கியும் பர்மாவுலயே நின்னுருக்கும்."

பக்கத்துல உக்காந்து மாமு மீசையத் தடவிக்குவாரு. அதுக்கப்புறம் நழுவினதே இல்ல.