கார்வனுக்குச் சாரல் கொடுத்தவர்

சங்கரலிங்கம் அண்ணாச்சி போய்விட்டார். விடியற்காலையில், தென்காசியில், தூக்கத்திலேயே... அவர் மகள் போனில் சொன்னார்.

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் நாளிதழில் தினமும் வந்த வெளிநாட்டுப் படக்கதை 'விண்வீரன் கார்வன்'. பதினெட்டு வருடம் அதைத் தமிழில் எழுதியவர் அவர். ஒரு நாள்கூட அவர் பெயர் அச்சில் வந்ததில்லை. எதிர் மேசையில் இருந்த நானும் ஏன் என்று கேட்டதில்லை.

ஆங்கில வசனத்தின் மேல் வெள்ளை மை பூசுவார். அந்தச் சின்ன வட்டத்துக்குள் தமிழ் அடங்க வேண்டும். "கார்வன் ரொம்பப் பேசுதான்வே, வாயைத் தைக்கணும்" என்று திட்டிக்கொண்டே எழுத்துகளை எண்ணுவார்.

ஒரு ஜூன் மாதம் தபாலில் ஒரு நாள் கதை மட்டும் வரவில்லை. பழைய படங்களை வெட்டி ஒட்டினார். வறண்ட கிரகத்தில் கார்வன் முதுகைக் காட்டி நிற்கிறான். வசனம் வேண்டும். அன்று குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்திருந்தார்...

"சாரல் விழுகிறது. இனி இங்கே மனிதன் பிழைத்துக்கொள்வான்!"

மூலக்கதையில் அந்த வரி கிடையாது. அந்தக் கிரகத்தில் மழையே கிடையாது. ஆனாலும் வாசகர்கள் வாயில் அந்த வரி நின்றுவிட்டது.

கார்வன் டிவி தொடராக வந்தான். பிறகு சினிமா. தமிழ் டப்பிங்கை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். கார்வன் முதுகைக் காட்டி நிற்கிறான். திரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. குரல் மட்டும் சொல்கிறது, "சாரல் விழுகிறது..." தியேட்டர் முழுக்க விசில்.

அண்ணாச்சி என் கையைப் பிடித்தார். "வே... இது நான் எழுதுனதுல்லா?"

கடைசிப் பெயர் ஓடும்வரை உட்கார்ந்திருந்தோம். தமிழ் வசனம் என்று வேறு யாருடைய பெயரோ.

டப்பிங் கம்பெனிக்குப் பழைய பக்கத்தின் நகலை அனுப்பினேன். பிறகு அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் பேசினேன். "அங்கிள், காமிக்ஸ் டயலாக்தானே? அதுக்கெல்லாமா கிரெடிட்?" என்றது ஒரு குரல்.

"துட்டு ஒண்ணும் வேண்டாம் தம்பி. பேரை மட்டும் ஓரமாப் போடுங்க" என்றார் அண்ணாச்சி.

லைன் கட்டானது. அதோடு சரி.

இன்று காலை எங்கள் பழைய பத்திரிகைக்கு நானே நான்கு வரி எழுதி அனுப்பினேன். இணையப் பக்கத்தில் 'முன்னாள் ஊழியர் மரணம்' என்று வந்திருக்கிறது. கார்வனைக் காணோம். கேட்டால், "சார், அவர்தான் எழுதினார்னு ஆதாரம் இருக்கா?" என்கிறார்கள்.

ஆதாரம்! உங்கள் ஆபீஸ் மேல்மாடியில், வெள்ளை மை மேல் அவர் கைப்பட எழுதிய பதினெட்டு வருடத்து ஆதாரம் கட்டுக் கட்டாகக் கிடக்கிறதே... ஏறிப் பார்க்க முடியாதா?

அஞ்சலி போஸ்டர் அடிக்கிற கடைக்கு நானே போனேன். படத்துக்குக் கீழே, 'விண்வீரன் கார்வன். தமிழில்: சங்கரலிங்கம்' என்று போடச் சொன்னேன். பெயர் பெரிய எழுத்தில்.

"என்ன அண்ணாச்சி, சினிமா போஸ்டர் மாதிரில்லா இருக்கு?" என்றான் கடைக்காரன்.

"இருக்கட்டும்லே. அடி."

மாலை நான்கு மணிக்கு எடுக்கிறார்கள்.

போய்ட்டு வாங்க அண்ணாச்சி...