எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது

மீனாம்பிகைக்குக் காலையில் முதலில் விழிப்பது வயிறு. கண் திறக்க முன்னரே அங்கே ஏதோ ஒன்று எழும்பிக் குந்திக்கொள்ளும். இன்றைக்கு என்ன பிழையாகப் போகிறதோ என்று அது தேடத் தொடங்கும். கிணற்றுக் கயிறு அறுந்து போகலாம். காஸ் சிலிண்டர் கசியலாம். கனடாவில் இருக்கும் தம்பி பனியில் சறுக்கி விழுந்திருக்கலாம், செய்திதான் இன்னும் வந்து சேரவில்லை. இவற்றில் ஒன்றுமே நடக்காத நாட்களில், நடக்காமல் இருப்பதே அவருக்குப் பெரிய பயமாகிவிடும்.

வயது ஐம்பதை நெருங்குகிறது. எங்கள் ஊர் சரவணையில் தாய் தகப்பன் விட்டுப்போன கல்வீட்டில் தனியே இருக்கிறார். எங்கள் வீடு அந்தக் குறுகிய ஒழுங்கையின் எதிர்ப்பக்கம். அவர் வாசல் படலையைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடந்து, திரும்பி வந்து, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவதை நான் சிறுவயதிலிருந்து பார்த்து வருகிறேன்.

ஒழுங்கை முழுவதும் அவரை மீனா ரீச்சர் என்றுதான் கூப்பிடும். உண்மையில் அவர் ரீச்சர் இல்லை. சந்திக்குப் பக்கத்தில் உள்ள முன்பள்ளியில் உதவியாள். மூக்குத் துடைப்பார். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்ட கால்களைச் சரிசெய்வார். அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே மற்றப் பிள்ளைகளுக்கு முயல் பாட்டுப் பாடுவார். அந்த அரை நாள் மட்டும் வயிற்றில் குந்தியிருப்பது படுத்துவிடும். ஒரு பிள்ளை மடியில் வந்து ஏறினால் போதும். நேசறிப் பிள்ளைகள் இல்லாவிட்டால் உந்தப் பயத்தோடு நாள் முழுக்கத் தனிய இருக்கவேண்டும் என்று என் அம்மாவிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

அதனால்தான் அந்த அறிவித்தல் வந்தபோது அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. சாதாரணதரச் சோதனையில் கணிதம் சித்தியடையாதவர்களை இனி முன்பள்ளிகளில் வைத்திருக்க முடியாதாம். மூன்று தடவை சோதனை எழுதிப் பார்க்கத் தவணை கொடுத்தார்கள். மற்றப் பாடங்கள் எல்லாம் அவரிடம் இருந்தன. கணிதம் மட்டும் இல்லை.

அது இல்லாமல் போன கதை இது. பதினாறு வயதில் ஒருநாள் காலை, கணக்கு ரியூசனுக்குப் போனவர் அங்கே பூட்டுத் தொங்குவதைக் கண்டு திரும்பி வந்தார். அதற்கிடையில் ஒழுங்கை எழும்பி ஓடிவிட்டது. ஆமி வருகிறது என்ற செய்தி வந்திருக்கிறது. எல்லாப் படலையும் சாத்தியபடி. ஒரு வீட்டில் அடுப்பில் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. மகள் தாயோடு போய்விட்டாள் என்று தகப்பன் நினைத்தார், தகப்பனோடு என்று தாய் நினைத்தார். தகப்பன் சைக்கிளில் திரும்பி வரும்வரை மீனாம்பிகை ஒழுங்கை நடுவில் கணக்குக் கொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். பிறகு யாழ்ப்பாணத்தில் இடம்பெயர்ந்து இருந்தபோது மற்றப் பாடங்களை எழுதினார். கணக்குச் சோதனையன்று காய்ச்சல் வந்தது. உண்மையான காய்ச்சல்தான் என்று இப்போதும் சொல்வார்.

முதல் தவணையில் அவர் வெளிக்கிட்ட விதம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீலச் சீலை, நெற்றியில் விபூதி. படலையைத் தாண்டியபோது பக்கத்து வீட்டுப் பூரணமக்கா, முழுப்பெயர் அன்னபூரணம், முற்றம் கூட்டிக்கொண்டு நின்றவர், நிமிர்ந்து பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்டுவிட்டார்.

எங்கள் பக்கத்தில் வெளிக்கிட்டுப் போகிறவரை அப்படிக் கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் சரிவராது. அறிகிற ஆசை தாங்கமுடியாவிட்டால் தூரமோ என்று கேட்கலாம். யாராவது தவறிக் கேட்டுவிட்டால், வீட்டுக்குத் திரும்பி, கொஞ்சம் இருந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வெளிக்கிட வேண்டும். மீனா ரீச்சர் திரும்பினார், இருந்தார், தண்ணீர் குடித்தார். பஸ் போய்விட்டது. பூரணமக்காவுக்கும் அவருக்கும் ஏற்கெனவே வேலிப் பிரச்சினை. இடம்பெயர்ந்து திரும்பி வந்து மறுபடி வேலி அடைத்தபோது பூரணமக்கா ஒரு சாண் நிலத்தைத் தன் பக்கம் எடுத்தார் என்று ஒரு கதை. இப்போது இந்தப் பழியும் சேர்ந்தது. ரீச்சரின் படிப்பைக் கெடுத்த வாய் என்று ஒழுங்கை அவரை ஒதுக்கியது. அவரும் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

இரண்டாம் தவணையில் கெடுத்தவர் கடை வைத்திருக்கும் அப்புத்துரை அண்ணை. மீனா ரீச்சர் கடையைத் தாண்டும் நேரம் பார்த்துத் தும்மினார். அவருடைய தும்மல் பக்கத்து ஊர் சுருவில் வரைக்கும் கேட்கும். ரீச்சர் அதே இடத்தில் திரும்பினார்.

திரும்பும்போது அவருடைய தோள்கள் கீழே இறங்குவதை இரண்டு முறையும் கண்டேன். ஒரு மூட்டையை இறக்கி வைத்தவரின் தோள்கள். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவரே அதைச் சொன்னார், அப்புத்துரை அண்ணையின் மகள் நிலாந்தினியிடம். உயர்தரத்தில் கணிதம் படிக்கும் அவள்தான் மூன்றாம் தவணைக்கு அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"பூரணமக்கா கேட்ட உடனை எனக்குச் சந்தோசமாய்க் கிடந்தது பிள்ளை. உன்ரை அப்பா தும்மேக்கையும் அப்பிடித்தான். எனக்கு இப்ப சோதினையை விட அந்தச் சந்தோசத்துக்குத்தான் பயம்."

நிலாந்தினி பொறுமைக்காரி இல்லை. பின்னேரங்களில் அவளுடைய சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். "அன்ரி, சைபராலை பிரிக்கேலாது. எத்தினை தரம் சொல்றது?" என்பாள். பிரிக்கேலாதென்று தெரியும், தெரியாமல் பிரித்துவிட்டால் என்ன நடக்குமோ என்றுதான் பயம் என்பார் ரீச்சர். அவள் தலையில் கைவைப்பாள்.

பின்னேரத்தில் படித்தது இரவில் பயமாக மாறி, காலையில் ஒன்றும் மிஞ்சாமல் போனது. ஒரு வாரம் கொப்பியைத் தொடாமலே இருந்தார். பிறகு எப்படியோ அவரே ஒரு வழி பிடித்தார். காலையில் எழும்பியதும், தேத்தண்ணிக்கு விறகடுப்பைப் பற்ற வைக்க முன்னர், ஒரேயொரு கணக்கு. அது முடியாமல் தேத்தண்ணி இல்லை. சிலநாள் கருக்கலிலேயே அவருடைய குசினியில் புகை போகும். சிலநாள் வெயில் ஏறியபிறகுதான். அப்படிப்பட்ட நாட்களில் என் அம்மா ஜன்னலால் பார்த்து, இண்டைக்குத் திரிகோணம் போலை, பாவம், என்பார். பயம் குறைந்ததாக அவர் ஒருபோதும் சொன்னதில்லை. ஒரு கணக்கின் நீளத்துக்குப் பயந்துகொண்டே இருக்க முடிகிறது, முழுச் சோதனைக்கும் சேர்த்துப் பயப்படத்தான் உடம்பு தாங்கவில்லை என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் தவணை வந்தது. இதுதான் கடைசி. இதுவும் போனால் தை மாதத்தோடு முன்பள்ளியும் போய்விடும். சோளகக் காற்று வீசத் தொடங்கியிருந்தது. ஒழுங்கையில் மணல் பறந்துகொண்டிருந்தது.

சோதனைக்கு முதல்நாள் அப்புத்துரை அண்ணை வீடு வீடாக வந்தார். விடிய ரீச்சர் பஸ் ஏறும்வரை ஒருவரும் ஒழுங்கைக்கு இறங்கக்கூடாது, வாய் திறக்கக்கூடாது, தும்மல் வந்தால் தலையணைக்குள் தும்ம வேண்டும். தான் கடை திறக்கப்போவதில்லை, நாயையும் கிணற்றடியில் கட்டப்போவதாகச் சொன்னார். எதிரே நிறைகுடத்தோடு ஒரு சுமங்கலியை நடக்கவிடலாம் என்றும் யோசித்திருக்கிறார். குடம் சறுக்கி விழுந்தால் பிறகு ஏழு ஜென்மத்துக்கும் கதை சொல்வார்கள் என்று மனைவி மறித்துவிட்டார். பூரணமக்கா வீட்டுக்கு இரண்டு தரம் போய்ச் சொன்னாராம். பூரணமக்கா கதவைச் சாத்தினாராம்.

அன்று காலை நாங்கள் எல்லோரும் எழும்பியிருந்தோம். அம்மா றேடியோவைப் போடவில்லை. நான் எங்கள் படலைக்குப் பின்னால் நின்றேன். கிடுகுகளுக்கிடையில் கண் வைத்துப் பார்க்க ஒரு பொட்டு இருக்கிறது.

மீனா ரீச்சர் வெளியே வந்தார். தோளில் பை, கையில் நிலாந்தினியின் பூனைப்படம் ஒட்டிய கொம்பாஸ் பெட்டி. படலையைப் பூட்டினார், நடந்தார், திரும்பி வந்து இழுத்துப் பார்த்தார், மறுபடி நடந்தார். நாலு வீடு தாண்டியிருப்பார். நின்றார்.

இடப்பக்கம் பார்த்தார். படலைகள் சாத்தியிருந்தன. வலப்பக்கம் பார்த்தார். கடைப் பலகைகள் பூட்டியிருந்தன. விளக்குமாற்றுச் சத்தம் இல்லை, நாய் இல்லை, குழாயடியில் ஒரு வாளி இல்லை. அவர் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நல்ல சகுனத்துக்காக நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து அந்தப் பழைய காலையைத் திரும்பச் செய்துவைத்திருந்தோம்.

"ஆரும் இல்லையோ?" என்றார். சின்னக் குரல்.

எல்லோருக்கும் கேட்டது. பேசினால் அவருடைய சோதனை கெட்டுவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். படலையின் கொளுக்கியில் கையை வைத்தேன். திறக்கவில்லை.

"எல்லாரும் போயிட்டியளோ?"

அது பதினாறு வயதுக் குரல். திரும்பப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ திரும்பவும் இல்லை, நடக்கவும் இல்லை. பிரதான வீதியில் எங்கோ தூரத்தில் பஸ் கோர்ன் அடித்தது.

ஒரு படலை கிறீச்சிட்டது. பூரணமக்கா வெளியே வந்தார். கையில் விளக்குமாறு. தலைமயிர் முடிந்திருக்கவில்லை, காற்றில் விரிந்து பறந்தது. புருசன் செத்த பிறகு பொட்டு வைக்காத வெறும் நெற்றி. ஒரு பயணத்துக்கு எதிரே வரக்கூடாதவை என்று எங்கள் ஆட்கள் எழுதி வைத்த அத்தனையும் ஒரே ஆளாக ஒழுங்கையில் இறங்கி நின்றது. கடைக்குப் பின்னால் அப்புத்துரை அண்ணை மெல்ல முனகுவது கேட்டது.

"எங்கை போறாய் மீனா?"

மீனா ரீச்சர் அவரைப் பார்த்தபடி நின்றார்.

"உன்னைத்தான் கேக்கிறன். எங்கை போறாய்?"

"சோதினைக்கு."

"என்ன சோதினை?"

"கணக்கு."

"அப்ப போ. ஒருத்தரும் ஒரு இடமும் ஓடேல்லை. உவர் அப்புத்துரைதான் எல்லாரையும் ஒளிச்சிருக்கச் சொன்னவர். அங்கை பார், மதிலுக்கு மேலாலை மொட்டை தெரியுது."

தெரிந்தது. அது மெல்லக் கீழே இறங்கியது. பிறகு வெட்கத்தோடு முழுதாக எழும்பியது. நிலாந்தினி கடைப் பலகையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். அம்மா படலையைத் திறந்தார், நான் கதவோடு சேர்ந்து ஒதுங்கினேன். ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் முளைத்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்தபடி, வாயில் பிறஷோடு, ஒருவர் தலையணையைக் கையில் பிடித்தபடி.

இப்போது திரும்பிப் போக மீனா ரீச்சருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. வாழ்நாளுக்குப் போதுமான அபசகுனம் அவருக்கு முன்னால் நின்றது. தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்றால் யாரும் அவரைக் குறை சொல்லமாட்டார்கள். பழி மறுபடி பூரணமக்காவுக்குத்தான். நான் அவருடைய தோள்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவை இறங்கவில்லை. காதுவரைக்கும் ஏறி, அப்படியே விறைத்திருந்தன.

"என்னாலை நடக்க ஏலாமக் கிடக்கு பூரணமக்கா," என்றார்.

"நான் வாறன். நட."

இருவரும் நடந்தார்கள். ஒரு சாண் நிலத்துக்காக ஆண்டுக்கணக்கில் முகம் பாராதவர்கள். பூரணமக்கா விளக்குமாற்றைக் கீழே வைக்க மறந்து, அதையும் கொண்டுதான் பஸ் தரிப்பு வரைக்கும் போனார்.

மண்டபத்தில் நடந்ததை ரீச்சர் பிறகு சொன்னார். யாழ்ப்பாணம் போகும் பண்ணைத் தெருவில் இரண்டு பக்கமும் கடல் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாராம். மண்டப வாசலில் குந்தியிருந்த பிள்ளைகள் அவரை மேற்பார்வையாளர் என்று நினைத்து எழும்பி அனுமதி அட்டையை நீட்டினார்களாம். அவரும் பயத்தில் இரண்டு அட்டையை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாராம். வினாத்தாளைத் திறந்தபோது எழுத்துகள் மணல்போலப் பறந்தன. ஒரு கணக்கை மட்டும் பார்த்தார். பிறகு இன்னொன்றை. தெரியாததை விட்டார். வட்டியில் ஒரு பிழை விட்டதை வீட்டுக்கு வரும் வழியில் கண்டுபிடித்து, பஸ்ஸுக்குள் அழுதார்.

"பயம் போகேல்லை. பக்கத்துக் கதிரையிலை இருந்தது. நான் எழுதினன், அது பாத்துக்கொண்டு இருந்தது."

பெறுபேறு வரும்வரையான மாதங்களில் அவர் மெலிந்துபோனார். நிலாந்தினி போனில் பார்த்துவிட்டு ஓடிவந்தபோது காதைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். அவள் பின்னால் கலைத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். எஸ். சாதாரண சித்தி. திரும்பப் பார், வேறு ஆரும் மீனாம்பிகையாய் இருக்கும் என்று மூன்று முறை பார்க்க வைத்தார்.

தை மாதம் முன்பள்ளி தொடங்கியது. பொறுப்பாக இருந்த ரீச்சர் கலியாணம் கட்டி வவுனியாவுக்குப் போய்விட்டார். பள்ளிக் கதவின் திறப்பும் பொறுப்பும் மீனா ரீச்சரின் கைக்கு வந்தன.

முதல்நாள் அம்மாவின் அக்கா மகளுடைய பிள்ளையை விடுவதற்கு நான் போயிருந்தேன். புதுச் சப்பாத்தும் தண்ணீர்ப் போத்தலுமாகப் பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். சிலதுகள் அழத் தொடங்கியிருந்தன. மீனா ரீச்சர் திறப்பைத் துவாரத்தில் வைத்தார், அது வழுக்கியது. மறுபடி வைத்தார். இத்தனை பிள்ளைக்கும் இனி நான்தான் பதில் சொல்லவேண்டும் என்பது அவருடைய முகத்தில் அப்படியே தெரிந்தது.

பூரணமக்கா பேரனோடு வந்து வரிசையில் நின்றார்.

"கை நடுங்குது பூரணமக்கா."

"நடுங்கட்டும். கெதியாத் திற. உவன் மூத்திரம் பெய்யப்போறான்."

ரீச்சர் மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு திறப்பைத் திருப்பினார். கதவு திறந்தது. பூரணமக்காவின் பேரனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.