சூரியநெல்லிக்கு ஐந்து மாதம் தாமதமாக

போன வெள்ளிக்கிழமை சூரியநெல்லிக்குப் போனேன், செல்வராணியைப் பார்க்க. பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டியவர் அவர். நான் அங்கே பிளாஸ்டிக்கை வார்க்கும் இரும்பு அச்சுகளை வடிவமைப்பவன். ஐந்து மாதங்களுக்கு முன், நான் வடிவமைத்த அச்சில் அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கிப்போயின.

பாலக்காட்டில் காலை 5.40 பேருந்து. பொள்ளாச்சி 45 கி.மீ., அங்கிருந்து உடுமலை 30, பிறகு மூணாறு 85. மூன்று பேருந்துக்கும் சேர்த்து 230 ரூபாய். மறையூர் தாண்டியதும் வளைவுகள்தான். தலைசுற்றுகிறவர்கள் முன் இருக்கை பிடித்துவிடுங்கள்.

எனக்கு அன்று வளைவுகள் உறைக்கவில்லை. அந்த அச்சில் வார்த்த மூடியே நினைவில் இருந்தது. பூச்சிமருந்து தெளிக்கும் தொட்டிக்கான மூடி. உள்பக்கம் கொக்கிபோல ஒரு விளிம்பு, அண்டர்கட் என்போம். அச்சு திறக்கும்போது அது இரும்பைப் பிடித்துக்கொள்ளும். விடுபட வேண்டுமென்றால் அச்சுக்குள் சாய்வாக நகரும் ஒரு துண்டு வைக்க வேண்டும். வைத்தால் மூன்று வாரம் கூடுதலாகும். பிளாஸ்டிக் வளைந்துகொடுக்கும், தள்ளினால் வந்துவிடும் என்று விட்டுவிட்டேன். ஆனால் கொக்கியின் ஆழம் அதிகம். சோதனை ஓட்டத்தன்றே மூடி சிக்குகிறது என்று செல்வராணி சொன்னார். ஓட ஓடச் சரியாகிவிடும் என்றேன். இரண்டாவது வாரம், சிக்கிய மூடியை அவர் கையால் இழுத்தபோது மூடியை வெளியே தள்ளுகிற தண்டுகள் முன்னால் வந்துவிட்டன. காவல் கதவு திறந்தால் மெஷினை நிறுத்தும் சுவிட்சை, வேகத்துக்காக வேலை செய்யாதபடி கட்டிவைத்திருந்தார்கள். அது எனக்கும் தெரியும்.

மூணாறு சேர 12.50. சூரியநெல்லிக்கு ஜீப்பில் ஓர் இருக்கை நூறு ரூபாய். கொழுக்குமலை சுற்றிப் பார்க்கவா என்று ஓட்டுநர் கேட்டார். நண்பரைப் பார்க்க என்றேன். அந்தச் சொல் எனக்கே கூசியது.

விபத்துக்குப் பின் ஊர் திரும்பிவிட்ட செல்வராணி, எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் தனியாக இருந்தார். இடது கையால் டீ கொடுத்தார். நான் ஆரம்பிக்கும் முன்பே அவர் சொன்னார்: "நான்தான் அவசரப்பட்டுட்டேன் சார். இங்க எல்லார்ட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

அது அவருடைய அவசரம் இல்லை, என் வடிவமைப்பின் தப்பு, அவர் சொன்னபோதே நான் கேட்கவில்லை என்று சொன்னேன். அவர் கேட்டார்:

"இத கம்பெனில சொல்லிட்டீகளா?"

"இல்லை."

"எங்கிட்ட சொல்லி என்ன சார் ஆகப்போகுது? அந்த மெஷின்ல இப்ப வேற ஆளு நிக்குதுல்ல."

டீ அப்படியே ஆறிப்போயிருந்தது. கடைத்தெருவுக்கு வந்து, சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று முதலாளியை அழைத்தேன். ஆர்டர் போய்விடும் என்று கோபப்பட்டார். மெஷினிலிருந்து அச்சை இறக்காவிட்டால் எல்லாவற்றையும் எழுத்தில் தருவேன் என்றேன். திங்கட்கிழமை இறக்கினார்கள். சாய்வுத் துண்டு இப்போதுதான் தயாராகிறது. விபத்து அறிக்கையில் 'ஊழியரின் கவனக்குறைவு' என்றிருந்தது. அச்சை இறக்கிய பிறகும், தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். செல்வராணி மறுபடி மெஷினுக்கு வரப்போவதில்லை.

போகிறவர்களுக்கு: இருட்டினால் மறையூருக்கும் உடுமலைக்கும் இடையிலுள்ள சின்னாறு காட்டுவழியை அடைத்துவிடுவார்கள், மூணாற்றில் தங்கிவிடுங்கள். அச்சு வடிவமைப்பவர்களுக்கு: சோதனை ஓட்டத்தில் மெஷினில் நிற்பவர் ஏதாவது சொன்னால், அங்கேயே அச்சை நிறுத்துங்கள். நான் நிறுத்தியிருந்தால் மூன்று வாரம்தான் போயிருக்கும்.