கறவைமாடும் சீமைக் கடிகாரமும்

என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். மூன்றாம் வகுப்போடு தறிக்குழியில் இறங்கிவிட்டவன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிப் பார்த்து நடக்காததால்தான் எழுதுகிறேன்.

அப்பா இறந்த பின் ராசிபுரத்தில் எங்கள் வீட்டுச் சாமான்களைப் பாகம் பிரித்தார்கள். தறிகளும் பாத்திரங்களும் சரிபாதியாகிவிட்டன. கடைசியில் ஒரு கறவைமாடும் ஒரு கடிகாரமும் மிஞ்சின. மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது ஏலம் விட்டதை அப்பா எடுத்து, மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டி வரை தலைச்சுமையாக இறக்கிய கடிகாரம் அது. ஒரு முழ உயரம். உச்சியில் பொன்னிறத்தில் ஒரு சீமைப் பெண், யாழ் போன்ற ஒன்றில் சாய்ந்துகொண்டு நிற்பாள். அது ஓடி நான் பார்த்ததில்லை.

"மாடு எனக்கு, கடிகாரம் தம்பிக்கு. அதுதான் விலை உசந்தது" என்றார் அண்ணன். பெரியவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நாலு பேர் இருந்தால் எனக்கு நாக்கு எழாது. தலையை ஆட்டிவிட்டேன்.

கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, இது எத்தனை படி கறக்கும்?"

அன்றிலிருந்து எனக்குக் கறுப்புக் காப்பிதான். பால் கேட்டால் கடிகாரத்தைக் கைகாட்டுவாள்.

தாங்க முடியாமல், செவ்வாய்ப்பேட்டையில் கடிகாரம் பழுது பார்க்கிறவரிடம் காட்டி விலை தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தேன். மாட்டு விலைக்கு மேலே போனால் நான் ஏமாறவில்லை என்று ஆகிவிடும். அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. நான் புறப்பட்ட அன்று காலை, வெள்ளிக்கிழமை விளக்குத் துலக்குகிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டு அந்தப் பெண்ணைத் தேய்த்து வைத்திருந்தாள். பொன்னிறம் போய், பெண் வெளுத்து நின்றாள்.

"உள்ள பூராவும் வெள்ளிங்க" என்றாள் மனைவி. எனக்கும் அப்படித்தான் பட்டது. துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடிகாரக்காரர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்கதவைத் திறந்தார். "பிரெஞ்சுக்காரன் வேலை. முத்திரை இருக்குது, பொறியும் நல்ல பொறி" என்றார். எனக்கு இரண்டு விரல் உயரம் கூடியது போல இருந்தது. பிறகு பொம்மையை நகத்தால் சுரண்டினார்.

"யாருங்க இதைத் தேய்ச்சது?"

"ஊட்டுலங்க."

"எதைப் போட்டு?"

"புளிங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். "உள்ள துத்தநாகம். மேல பூசின முலாமுக்குத்தான் விலையே."

"ஒரு கறவைமாடு வாங்கலாமுங்களா?"

"நேத்து வந்திருந்தா வாங்கலாம். இன்னிக்கு ஒரு வெள்ளாடு வாங்கலாம்."

நான் வீடு திரும்புவதற்குள் வெள்ளி விஷயம் கிணற்றடியிலிருந்து அண்ணன் காதுக்குப் போயிருந்தது. அவர் எங்கள் வாசலில் மாட்டோடு நின்றார்.

"தம்பி, உனக்கு மாட்டு மேலதானே ஆசை? கட்டிக்கோ. அதை இங்க குடு."

"அண்ணா, அது வெள்ளி இல்லீங்க. துத்தநாகமாம். புளி போட்டதுல முலாம் போயிருச்சு."

அண்ணன் சிரித்தார். "பாகம் பிரிச்ச அன்னிக்கு வாயே தொறக்காதவன், இன்னிக்கு இத்தனை பேசறே. அப்படின்னா வெள்ளியேதான்."

கதவுக்குப் பின்னாலிருந்து என் மனைவி, "மாமா சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றாள். நான் சொன்னதை அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மாடு எங்கள் கொட்டிலில் மூன்று ஈத்து ஈன்றுவிட்டது. அண்ணன் கடிகாரத்தைப் பட்டுத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறார். நான் பேச்சை எடுத்தால், "பொறாமைப்படாதே தம்பி" என்பார். போன வாரம், மகள் கல்யாணத்துக்கு அந்தக் கடிகாரப் பெண்ணை உருக்கிக் கொலுசு செய்யப்போவதாகச் சொன்னார். ஆசாரியின் பட்டறையில் சம்பந்தி வீட்டாரும் இருப்பார்கள்.

அதற்கு முன் அண்ணன் இதைப் படித்துவிட வேண்டும். படித்துக் கோபம் வந்தால் கொட்டிலில் கிடாரிக்கன்று ஒன்று நிற்கிறது, ஓட்டிக்கொண்டு போகலாம். கன்று விஷயத்தை என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

விய வருஷம், ஆடி மாதம் மூன்றாம் தேதி.