ஏழு நிறைய இருக்கிற நம்பர்

போன வாரம் மகள் என் போனை வாங்கி எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். "ம்மா, உன் பேர்ல எத்தினி சிம் இருக்குதுன்னு கவர்மெண்ட்டே காட்டுது, பாரேன்" என்று மூக்குக்கு நேராக நீட்டினாள். நமக்குத் தெரியாமல் யாராவது நம் பேரில் சிம் வாங்கியிருந்தால் கண்டுபிடிக்க அரசாங்கம் செய்த ஏற்பாடாம். நடு எண்களை மறைத்து நட்சத்திரம் போட்ட இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று என்னுடையது, இன்னொன்று மாமியாருக்கு வாங்கிக் கொடுத்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே 'என் நம்பர் இல்லை', 'தேவையில்லை', 'தேவை' என்று மூன்று கட்டங்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றாவது எண்ணைத் தேடினேன்.

"இன்னாம்மா தேடறே? அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று எனக்கும் தெரியும். அது செத்துப் போய் ஏழெட்டு வருஷமாகிறது. ஆனாலும் தேடினேன்.

கல்யாணத்துக்கு முன்னால் பாகூர் கடைத்தெருவில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தேன். பிளஸ் டூ முடித்த கையோடு சேர்ந்தது. கடை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு கண்ணாடி மேஜை, ஒரு ஜெராக்ஸ் மிஷின், நான், முதலாளி. ஜெராக்ஸ் சூடும் ஒட்டுப் பசையும் கலந்த அந்த வாசனை இப்போதும் எங்காவது அடித்தால் விரல்கள் தானாக ஸ்டேப்ளரைத் தேடும். சிம் விற்பதைவிட ஃபாரம் நிரப்புவதுதான் என் வேலை. கட்டம் கட்டமாகப் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று கம்பெனி ஆளே பாராட்டியிருக்கிறார். அந்தப் பாராட்டில் தலைகால் புரியாமல் இரண்டு நாள் திரிந்தேன்.

அப்போது ஊர் முழுக்க மிஸ்டு கால் ராஜ்யம். ஒரு ரிங் என்றால் பஸ் ஏறிவிட்டேன். இரண்டு ரிங் என்றால் ஸ்டாப்புக்கு சைக்கிள் எடுத்துக்கொண்டு வா. எங்கள் வீட்டில் இதைக் கணக்காகப் புரிந்துகொள்ளாத ஒரே ஆள் அப்பாதான். முதல் ரிங்கிலேயே பாய்ந்து எடுத்து "அல்லோ" என்று கத்திவிடுவார். என் ஒரு ரூபாய் போச்சு. முதலாளிக்கோ வேறு கவலை. "ஊரே மிஸ்டு கால்ல குடும்பம் நடத்துனா நான் எங்கப்பா போய் ரீசார்ஜ் விக்கறது?" என்று வருவோர் போவோரிடமெல்லாம் புலம்புவார்.

அந்தக் காலத்தில்தான் 'லைஃப் டைம் கார்டு' வந்தது. ஒரு தடவை பணம் கட்டினால் போதும், ஆயுசு முழுக்க இன்கமிங் இலவசம். கடை வாசலில் ஆள் உயரத்துக்கு பேனர் கட்டினோம். அந்த பேனரைப் பார்த்துத்தான் அஞ்சலாட்சி அக்கா உள்ளே வந்தாள்.

பனித்திட்டிலிருந்து மீன் கொண்டுவந்து பாகூரில் விற்கிறவள். அப்போது நாற்பது வயசு இருக்கும். கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பேனரையே பார்த்தாள்.

"லைஃப் டைம்னா யாரு லைஃப்பு பாப்பா? எனக்கா, போனுக்கா?"

"உனுக்குத்தாங்க்கா. நீ உசுரோட இருக்கற வரைக்கும் போன் வரும்."

எவ்வளவு தைரியமாகச் சொன்னேன் பாருங்கள். ஃபாரத்தின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் ஒரு வரி இருந்ததை ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன். லைஃப் டைம் என்பது கம்பெனியின் லைசென்ஸ் இருக்கும் காலம் வரை. நூற்றுக்கணக்கான ஃபாரம் நிரப்பியவள், ஒரு தடவைகூட பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை.

அவளுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. "ஏழு நெறைய இருக்கற நம்பரா குடு. எந்தம்பி பேரு ஏழுமல. அவனுக்கு மனசுல நிக்கணும்." சிம் அட்டைகளை மேஜையில் பரப்பித் தேடினோம். ஐந்து ஏழு வருகிற எண் ஒன்று கிடைத்தது. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள்.

அத்தாட்சி கேட்டேன். சிரிப்பு நின்றது. ரேஷன் கார்டு, அடையாள அட்டை, எல்லாம் சுனாமியில் வீட்டோடு போய்விட்டன. புதிதாக எழுதிக் கொடுத்தவை இன்னும் வரவில்லை. சட்டப்படி அவளுக்கு சிம் கொடுக்க முடியாது. முதலாளிக்கோ மாச டார்கெட்டுக்கு இன்னும் நாலு கார்டு பாக்கி. அவர் என்னைப் பார்த்தார். நான் என் பையிலிருந்து என் அடையாள அட்டையை எடுத்து ஜெராக்ஸில் வைத்தேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிய புண்ணிய காரியமாகத் தெரிந்தது.

கம்பெனியிலிருந்து சரிபார்க்க போன் வரும் என்பதால் ஒத்திகை வேறு நடந்தது. "பேரு கேட்டா எம்பேரச் சொல்லு. வயசு பத்தொம்பது."

"பத்தொம்பதா! எம்மவளுக்கே பதினெட்டுடி" என்று கூடையைத் தட்டிச் சிரித்தாள். போன் வந்தபோது கூச்சமே இல்லாமல் பத்தொன்பது என்று சொல்லியிருக்கிறாள். கம்பெனியும் நம்பிவிட்டது.

ஏழுமலை விஷயத்தை அவள் துண்டு துண்டாகத்தான் சொன்னாள். அலைக்கு அப்புறம் அவனுக்குக் கடலில் இறங்கவே கால் வரவில்லை. அவர்கள் அப்பா கரையில் நாலு பேர் எதிரே கோழைப் பயலே என்று காறித் துப்பிவிட்டார். அன்று போனவன்தான். கேரளாப் பக்கம் ஏதோ ஊரில் பார்த்ததாக ஒரு சொந்தக்காரர் சொன்னார். அவர் மூலம்தான் அக்கா இந்த நம்பரை எழுதிக் கொடுத்தனுப்பினாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. எடுத்தாள். உடனே கட்டாகிவிட்டது. திருப்பிக் கூப்பிட்டால் யாரோ மலையாளத்தில் பேசினார், டெலிபோன் பூத்து போலிருக்கிறது. அதோடு இரண்டு மாதம் ஒன்றும் வரவில்லை. மறுபடி வந்தபோது அவள் எடுக்கவில்லை. சரியாக மூன்று ரிங் அடித்து நின்றது.

"எடுத்தா கட் பண்றான். எடுக்கலன்னா மூணு ரிங்கு வுடுறான். நான் இருக்கறேன்க்கானு சொல்றான், அதான் அர்த்தம். போதும் பாப்பா. பேசறப்ப பேசட்டும்" என்றாள்.

அதற்கப்புறம் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்று ரிங் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நம்பர். மிஸ்டு கால் கொடுக்க யார் போனைக் கேட்டாலும் தருவார்கள், காசா பணமா. திங்கட்கிழமை காலையில் கடைப்பக்கம் வரும்போது கூடையை இறக்காமலேயே மூன்று விரலைக் காட்டிவிட்டுப் போவாள். நானும் மூன்று விரலைக் காட்டுவேன். முதலாளிக்கு இது என்ன சங்கதி என்று கடைசிவரை புரியவில்லை.

பிறகு நான் ஒதியம்பட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்துவிட்டேன். சில வருஷம் கழித்து புது போன் கம்பெனி ஒன்று வந்தது, எல்லாம் இலவசம் என்றது. போட்டி தாங்காமல் மற்ற கம்பெனிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அக்காவின் கம்பெனியும் கடையைக் கட்டப்போவதாக அறிவித்தது. நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவளுக்கு எங்கே தெரியும்? யாரோ படித்துச் சொல்லி, கடைக்குப் போனால், நம்பர் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் வரவேண்டும் என்றுவிட்டார்கள்.

பஸ் மாறி பஸ் ஏறி, விசாரித்து, என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பை நிறைய சங்கரா மீன். "ஒரு கையெழுத்துதான் பாப்பா. வந்து போட்டுட்டு வந்துடேன்."

அந்தச் சமயம் பார்த்து, பிறர் பேரில் சிம் விற்ற கடைக்காரர்களைப் பிடித்ததாகப் பேப்பரில் செய்தி வந்துகொண்டிருந்தது. எனக்கு அங்கன்வாடியில் வேலை கிடைக்கிற நேரம். வீட்டுக்காரர் உள்ளே கூப்பிட்டு, "உம்பேர்ல வாங்கி இன்னொருத்தர் கையில குடுத்தியா? தெரிஞ்சா கேசு. வேல போயிடும்" என்றார். அவர்மேல் பழி போடவில்லை. பயந்தது நான்தான். வெளியே வந்து, "அடுத்த வாரம் வரேங்க்கா" என்றேன். மீனை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் ஏதோ சாக்கு. மூன்றாவது வாரம் மனசு பொறுக்காமல் பாகூர் போனேன். அக்கா மீனை விற்காமல் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். போனை என்னிடம் நீட்டினாள். டவர் காட்டுகிற இடத்தில் ஒன்றுமே இல்லை. அவள் என்னைத் திட்டவில்லை. "லைஃப் டைம்னியே பாப்பா" என்றாள், அவ்வளவுதான். பழைய ரிங்குகள் வந்த எண்களையெல்லாம், அவள் பேரிலேயே வாங்கியிருந்த புது சிம்மிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தோம். யாருக்கும் ஏழுமலையைத் தெரியவில்லை.

நான் அந்த நம்பரை அதற்கப்புறம் ஒரே ஒரு தடவைதான் போட்டேன். உபயோகத்தில் இல்லை என்றது. பிறகு தைரியம் வரவில்லை. போன வாரம், மகள் தூங்கப்போன பிறகு அந்த மூன்று கட்டங்களும் கண்ணிலேயே நின்றன. மறுநாள் மத்தியானம் அங்கன்வாடிப் பிள்ளைகள் தூங்கும்போது போட்டேன். ஏழு நிறைய இருக்கிற நம்பர் மறக்குமா?

ரிங் போனது! ஒரு பெண் எடுத்தாள். பின்னால் தையல் மிஷின் சத்தம். திண்டிவனம் பக்கமாம். அந்த நம்பரை கம்பெனி அவளுக்கு விற்று நாலு வருஷமாகிறதாம். நான் தயங்கித் தயங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் மிஸ்டு கால் ஏதாவது வருமா என்று கேட்டேன்.

மிஷின் சத்தம் நின்றது.

"வரும்க்கா. வாங்குன புதுசுல வாராவாரம் வரும். மூணு ரிங்கு. வேற வேற நம்பரு. எவனோ பொறுக்கின்னு நெனச்சேன். ஒரு நாளு சட்டுனு எடுத்தேன். 'அக்கா இல்லியா?'ன்னு கேட்டான். இங்க அக்காவும் இல்ல தங்கச்சியும் இல்ல, வைடா போனன்னு திட்டிட்டேன். அதோட தெரியாத நம்பரே வராத மாதிரி போன்ல செட் பண்ணி வெச்சிட்டேங்க்கா. ஏங்க்கா, யாரு அது?"

சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். அக்காவின் புது நம்பரை எழுதிக்கொண்டாள். இனிமேல் எந்த நம்பர் வந்தாலும் எடுக்கிறேன் என்று சத்தியம் செய்தாள். ஆனால் இப்போது யார் மிஸ்டு கால் கொடுக்கிறார்கள்? பேசுவதெல்லாம் இலவசமானதும் பேசாமல் சொல்லுகிற அந்தப் பழக்கமே போய்விட்டது. முன்பின் தெரியாதவர் போனைக் கேட்டால் இப்போது யாரும் கொடுப்பதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பனித்திட்டுக்குப் போனேன். அஞ்சலாட்சி அக்காவுக்கு முட்டி வலி, மீனுக்குப் போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னேன், என் பயத்தையும் சேர்த்து. பதினைந்து வருஷம் வாயைத் திறக்காதவன் வாயைத் திறந்ததையும், யார் காதில் அது விழுந்தது என்பதையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "கொரலு எப்பிடி இருந்துச்சாம் பாப்பா?"

அதை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.