எட்டுப் பேரில் ஒருத்தி

காலாண்டு விடுமுறை விட்ட மறுநாள், சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த என் தம்பி, ஆவூர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு தாளில் கோடு போட்டான். மேலே கட்டுமாவடி, கீழே முத்துக்குடா. நடுவில் எங்கள் மாவட்டத்துக் கடற்கரை நெடுகப் புள்ளி புள்ளியாக வைத்தான். ஒவ்வொரு புள்ளியும் ஏதோ ஒரு சினிமா எடுத்த இடம். அத்தனைக்கும் ஒரே நாளில் போய், படத்தில் வந்த மாதிரியே நின்று போட்டோ எடுக்க வேண்டும் என்றான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கும் அவனுக்கும் சின்ன வயதிலிருந்தே சினிமா என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

ஒரு புள்ளியை வைக்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினான். "இது அம்மாவோட பாட்டு எடுத்த எடம்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடியும் கேட்டது.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா, ஜெகதாப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமத்தில், சிஸ்டர்மார் நடத்திய சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருசம் டீச்சராக இருந்தாள். அப்போது அங்கே ஒரு படப்பிடிப்பு நடந்தது. தலையில் மீன்கூடையோடு எட்டுப் பெண்கள் கரையோரமாக வரிசையாய்ப் போவார்கள். அவர்களுக்குப் பின்னால் கடலில் சூரியன் மறையும். கதாநாயகி அழுதுகொண்டே பாடுவாள். அந்த எட்டுப் பேரில் ஒருத்தி நான் என்பாள் அம்மா. வெளிச்சத்துக்கு எதிரே எடுத்ததால் எட்டும் கறுப்பு உருவம், மூக்கு முழி ஒன்றும் தெரியாது. டி.வி.யில் அந்தப் பாட்டு வந்தால் போதும், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்பாள். சித்தப்பா "வாங்க நடிகையே" என்று கும்பிடுவார். "கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. ஒங்கம்மா புளுகு நாப்பது வருசமா ஓடுது" என்பார் அப்பா. அம்மாவும் சேர்ந்து சிரித்துவிடுவாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. என் வாய் சும்மா இருக்காது. ஆறு வருசத்துக்கு முன்னால், தம்பி கல்யாணத்துக்கு மறுநாள், வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருக்கும்போது, அம்மா புது மருமகளிடம் இந்தக் கதையை ஆரம்பித்தாள். நான் அந்தப் பாட்டை டி.வி.யில் போட்டு, சரியான இடத்தில் நிறுத்தி, வகுப்பில் பாடம் எடுக்க நிற்கிற மாதிரி எழுந்து நின்றேன்.

"காலைல எடுத்தாங்கங்குற. இங்க பாரு, பொழுது எறங்குது. ஊர் பூரா மீன்காரப் பொம்பளைக இருக்கையில, ஆவூர் டீச்சரை எதுக்குக் கூடை தூக்கக் கூப்புடுறாங்க? ஆளுக்கொரு இட்லிப் பொட்டலம் குடுத்தாங்கங்குற. படம் எடுக்குறவன் அந்தி நேரத்துலயா இட்லி குடுப்பான்?"

கூடமே சிரித்தது. "மாதா சத்தியமாத்தா" என்றாள் அம்மா. சத்தியம் பண்ணினால் வாயில் போடுவேன் என்று எங்களை வளர்த்தவள். அதற்கும் சேர்த்துத்தான் சிரித்தேன். அன்றோடு அவள் நிறுத்திவிட்டாள். பிறகு அந்தப் பாட்டு வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

தம்பிக்கு இது உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. "அம்மாவை அந்த எடத்துல கொண்டுபோய் நிறுத்துவோம்க்கா. எடத்தை அடையாளம் சொல்லிட்டா அம்மா சொன்னது நெசந்தானே" என்றான்.

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா நீ வாயத் தொறக்கக் கூடாது."

தம்பி மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் வெயிலுக்குப் பயந்தவர். அப்பா வீட்டுக் காவலுக்கு நின்றுகொண்டார். அதனால் நாங்கள் மூன்று பேர்தான். அம்மா வரமாட்டேன் என்று இரண்டு நாள் முரண்டு பிடித்தாள். "நீ இல்லாம நானும் போகலைம்மா" என்று தம்பி சொன்ன பிறகுதான் சேலை மாற்றினாள். புதுக்கோட்டை தாண்டி, அறந்தாங்கியில் டீ குடிக்கும்போதுகூட அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. நானும் தம்பியும்தான் கார் அதிரப் பேசிக்கொண்டு வந்தோம்.

கட்டுமாவடியில் ஒரு பாலம். கதாநாயகன் அதிலிருந்து குதித்துத்தான் அடியாட்களிடமிருந்து தப்புவான். படத்தில் அடியில் வெள்ளம் சுழித்துக்கொண்டு ஓடும். நேரில் முழங்கால் தண்ணீர். இருந்தாலும் தம்பி கைப்பிடிச் சுவரோரம் இரண்டு கையையும் விரித்து நின்றான். நான் ரோட்டின் நடுவில் உட்கார்ந்து போட்டோ எடுத்தேன். பின்னால் மீன் வண்டிக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு தலையை வெளியே நீட்டி, "குதிக்கிறதா இருந்தா வெரசா குதிங்க தம்பி, ஐஸ் கரையுது" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

மணமேல்குடிக் கடற்கரையில் கதாநாயகி கடலைப் பார்த்து நீதி கேட்பாள். அந்தக் காட்சியில் அலைச் சத்தம் காதைப் பிளக்கும். இங்கே கடல், காற்றில்லாத கண்மாய் போலக் கிடந்தது. "அலை எங்கடா?" என்றேன். அன்றைக்கு அம்மா பேசிய முதல் பேச்சு அதற்குத்தான். "சத்தமெல்லாம் பெறகு சேத்துக்குறது. அவுக நெனச்சா எதையும் மாத்திக்கிருவாக." சொல்லிவிட்டு மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நான் அதைக் காதில் வாங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஒன்றும் கடலுக்குப் போகவில்லை. முந்தின வாரம் எல்லை தாண்டியதாகக் கடற்படை பிடித்துக்கொண்டு போன படகும் ஆட்களும் இன்னும் வரவில்லை, அதனால் வேலைநிறுத்தம் என்றார்கள். சண்டைக்காட்சி எடுத்த ஐஸ் கம்பெனி வாசலில் பெண்கள் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். தம்பி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அங்கே நாங்கள் போட்டோ எடுக்கவில்லை.

முத்துக்குடாவில் மறுபடியும் உற்சாகம் வந்துவிட்டது. அலையாத்திக் காட்டுக்குள் படகில் போனோம். கிளைகள் தலைக்கு மேல் கூடி, தண்ணீர் பச்சையாக இருந்தது. ஒரு டூயட்டில் இதை வெளிநாடு என்று காட்டியிருக்கிறார்கள். "அக்கா, இதுதான் சிங்கப்பூர்னு நான் சின்ன வயசுல நம்புனேன்" என்றான் தம்பி. அம்மாவே சிரித்துவிட்டாள். நான்தான் பறந்துகொண்டிருந்தேன். பொழுது இறங்குவதற்குள் அம்மா டீச்சராக இருந்த ஊருக்குத் திரும்ப வேண்டும், படத்தில் வருகிற அதே சூரியன் வேண்டும் என்று அவர்களைக் கிளப்பினேன்.

ஐந்து மணி வாக்கில் அந்தக் கிராமத்துக் கரையில் இறங்கினோம். தம்பி போனிலிருந்த படத்தையும் எதிரே இருந்ததையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். பாட்டுக் காட்சியில் ஓரமாக ஒரு பழைய உப்புக் கிடங்கின் சுவர் தெரியும். அது பாதி இடிந்து அங்கேயே நின்றது. "இதேதான்" என்று குதித்தான்.

அம்மா குதிக்கவில்லை. சுவரைப் பார்த்தாள், வீடுகளைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். "இங்கிட்டு ஒரு கெணறு இருந்துச்சு. பள்ளிக்கூடம் அங்கிட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அங்கிட்டு செல்போன் டவர் நின்றது.

"இந்த எடந்தானாம்மா?" என்றான் தம்பி.

"தெரியலையேப்பா" என்றாள். அவள் முகம் சுருங்கிப்போனது. தம்பி என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

பேச்சை மாற்றுவதற்காகத்தான், "சரி சரி, நில்லுங்க, சூரியன் எறங்கப்போகுது" என்று அவர்களைக் கிடங்குச் சுவரோரம் நிறுத்திவிட்டு, போனைக் கடலுக்கு நேராகப் பிடித்தேன். ஆறு மணி ஆகப்போனது. கடலுக்கு மேல் வானம் சாம்பல் நிறத்தில் இருந்தது. மேகமாக இருக்கும் என்று பேசாமல் நின்றேன். கருவாடு அள்ளிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடையை இடுப்பில் வைத்தபடி பக்கத்தில் வந்தார்.

"என்னத்தப் பாக்குறீங்க?"

"சூரியன் மறையுறதைம்மா."

"அது ஒங்க முதுகுப் பக்கமில்ல மறையுது."

திரும்பினேன். கருவேல மரங்களுக்குப் பின்னால், ஊருக்கு மேற்கே, தட்டு அளவு சிவப்பாகச் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் மூன்று பேர் நிழலும் நீளமாகக் கடலைப் பார்த்து விழுந்திருந்தது.

நான் பதினெட்டு வருசமாக ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறவள். தமிழ்நாட்டுக்குக் கிழக்கே வங்காள விரிகுடா என்று வரைபடத்தில் பிள்ளைகளுக்கு விரல் வைத்துக் காட்டுகிறவள். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

"சினிமாவுல கடல்ல மறையுற மாதிரி வருது" என்றேன்.

"அது விடியக்காலைல எடுக்குறது. எங்க சின்ன வயசுலயும் வந்தாக, இப்பவும் வாராக. காலைல கெளம்புற பொழுதைச் சாயங்காலம்னு காட்டிக்கிருவாக, யாருக்குத் தெரியப்போகுது" என்றார் அவர்.

தம்பி மெதுவாகக் கேட்டான். "கூடை தூக்குற பொம்பளைகள்லாம் ஒங்க ஊர் ஆளுகளா?"

"எங்காளுக எப்புடித் தம்பி போவாக? விடியக்காலைலதான ஏலம். ஏலத்தை விட்டுப்புட்டு எவ போய்ச் சினிமாவுல நடப்பா? பள்ளிக்கூடத்து ஆளுக, ஆயாம்மா, அப்புடிச் சும்மா நின்னவுகளத்தான் கூட்டிக்கிட்டுப் போனாக. இட்லி குடுத்தாகன்னு கேட்டு, நாங்க புள்ளைகள்லாம் பின்னாடியே ஓடுனோம்."

கூடத்தில் எழுந்து நின்று நான் அடுக்கிய மூன்று கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. ஒன்றுகூட அம்மா பொய் சொல்லவில்லை. அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேவலை.

"அம்மா, நான் தப்பாப் பேசிட்டேன்" என்றேன்.

"விடுத்தா. வீட்டுக்குப் போவோம்."

"போகலை. விடியக்காலைல இங்கதான் நிக்கிறோம்" என்றேன். மாத்திரை கொண்டுவரவில்லை, மாற்றுச் சேலை இல்லை என்று அம்மா என்னென்னவோ சொன்னாள். பக்கத்து ஊரான மீமிசலில் மாத்திரை வாங்கினோம், சேலையும் வாங்கினோம், ரூம் போட்டோம்.

மறுநாள் விடிவதற்கு முன்னால் அங்கே வந்துவிட்டோம். நாட்டுப்படகுகள் வந்து ஏலம் ஆரம்பித்திருந்தது. கூடைகளைச் சுற்றிப் பெண்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். காரிலிருந்து இறங்கிய அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அப்படியே நின்றாள். பிறகு விறுவிறுவென்று நடந்தாள். "இந்த எடந்தான். காமிராவை அந்தச் செவத்துக்கிட்ட வச்சுருந்தாக. எங்களை அந்தக் கோடியிலேருந்து வரச் சொன்னாக. கூடையில ஈரமணலைப் போட்டுக் குடுத்து, கழுத்து ஒடிஞ்சுபோச்சு எனக்கு" என்று கையைக் காட்டிக் காட்டிப் பேசினாள். ஆறு வருசமாக அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. தம்பி அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

சூரியன் கடலுக்கு மேல் கிளம்பியது. "நட பாப்போம்" என்று தம்பி சொல்ல, அம்மா தண்ணீர் ஓரமாக நடந்தாள். நான் சுவரோரம் நின்று போனில் எடுத்தேன். திரையில் அவள் வெறும் கறுப்பு உருவமாகத் தெரிந்தாள். இத்தனை வருசத்தில் நாங்கள் யாரும் கேட்காத ஒரு கேள்வி அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அவள் திரும்பி வந்ததும் பாட்டைப் போட்டு நீட்டினேன்.

"இதுல நீ எத்தனாவது ஆளும்மா?"

அம்மா திரையைக் கண்ணுக்குக் கிட்டே இழுத்துப் பார்த்தாள்.

"எனக்கே தெரியாதுத்தா. ஏழெட்டுத் தடவை நடக்கவிட்டாக, ஆளை மாத்தி மாத்தி. எது நானுன்னு எனக்கு எப்புடித் தெரியும்? அதான் ஒவ்வொரு தடவையும் ஒங்களைக் கூப்புட்டுக் காட்டுனேன். பெத்த புள்ளைக, நடையப் பாத்தாவது சொல்லிருவீகன்னு நெனச்சேன்."

ஓடிவந்து ஓடிவந்து அவள் கூப்பிட்டது பெருமைக்கு என்றல்லவா நினைத்தேன். மணலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு, பாட்டை முதலிலிருந்து பார்த்தேன். எட்டுப் பேர். மூன்றாவது பார்வையில் கண்டுபிடித்தேன். ஆறாவதாக வருகிற பெண், முன்னால் போகிறவளை இடித்துவிடுகிற மாதிரி நெருங்கி, ஒரு நொடி நின்று, மறுபடியும் நெருங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அந்த நடைக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்னால் ஓடியவள் நான்.

"ஆறாவது" என்றேன். "ஆறாவது நீதாம்மா."

தம்பி எட்டிப் பார்த்து, "ஆமாம்மா, நீயேதான்" என்றான்.

அம்மா கண்ணாடியைச் சேலையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். பாட்டு ஓடி முடிந்தது.

"இன்னொருக்கா போடு" என்றாள்.